டிஷ் ரீசார்ஜை நிறுத்திவிட்டு இலவச சேனலுக்கு மாறலாமா? ஒரு ஆலங்குடி வீட்டுக் கணக்கு

"ஏம்மா, டிவி ஓடலையே. பணம் கட்டலைன்னு எழுத்து வருது பாரு."

மாதம் ஒருமுறை அப்பாவிடமிருந்து எனக்கு வரும் போன் இது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு சென்னையிலோ, பெங்களூரிலோ, சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிற பலருக்கும் இந்த போன் பழக்கமாகத்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யுபிஐ ஆப்பைத் திறந்து, சந்தாதாரர் எண்ணைப் போட்டு, பணத்தைத் தட்டிவிட்டு, "போட்டாச்சுப்பா, பாக்ஸை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்வோம். அத்தோடு அடுத்த மாதம் வரைக்கும் அதை மறந்துவிடுவோம்.

கடந்த முறை அப்படி மறக்காமல் பழைய எஸ்எம்எஸ்களைத் தேடிப் பார்த்தேன். 240 ரூபாயில் ஆரம்பித்த பேக் எப்படியோ 340-க்கு வந்து நின்றிருந்தது. நடுவில் ஏதோ ஒரு 'சலுகை' பேக், அதோடு கேட்காமலே சேர்ந்துகொண்ட இரண்டு விளையாட்டு சேனல்கள், வீட்டில் யாருக்குமே புரியாத மொழியில் ஒரு சினிமா சேனல். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், எல்லா இடத்திலும் நடக்கிற கதைதான். 340-ஐ பன்னிரண்டால் பெருக்கினால் 4,080 ரூபாய். அந்த வீட்டில் பார்க்கப்படுவதோ அம்மாவின் மூன்று சீரியல்கள், அப்பாவின் செய்தி, கிரிக்கெட். அப்பத்தாவுக்கு எது ஓடினாலும் சரி, சத்தம் மட்டும் இருக்க வேண்டும்.

இதை நிறுத்திவிட்டு இலவச சேனல்களுக்கு மாறிவிட்டால் என்ன? நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். பாதிப் பேர் "சூப்பர், ஃப்ரீ டிஷ் வாங்கு" என்றார்கள். மீதிப் பேர் "அதுல ஒண்ணுமே வராது" என்றார்கள். இரண்டிலுமே பாதி உண்மை இருக்கிறது.

இலவசம் என்றால் யாருக்கு இலவசம்?

முதலில் தெளிவாக வேண்டியது இதுதான். தமிழில் இலவச சேனல்களுக்குப் பஞ்சமே இல்லை. தந்தி டிவி, புதிய தலைமுறை, பாலிமர், கலைஞர் டிவி, மக்கள் டிவி, நியூஸ் 7 எனப் பல சேனல்கள் பல வருடங்களாகக் கட்டணமில்லா சேனல்களாகவே ஒளிபரப்பாகி வருகின்றன. அதாவது அந்த சேனலை நடத்துபவர் உங்களிடம் காசு கேட்பதில்லை. விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்.

ஆனால் அந்த சேனலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் கேட்பார். அதற்குப் பெயர் நெட்வொர்க் கட்டணம், பில்லில் என்சிஎஃப் என்று வரும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறை 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 100 சேனல்களுக்கு அதிகபட்சம் 130 ரூபாய், கூடவே 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டினால் 153 ரூபாய் 40 பைசா. 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது எவ்வளவு வாங்குவது என்பதை நிறுவனமே முடிவு செய்து வெளியிடலாம்.

சுருக்கமாகச் சொன்னால், தனியார் டிஷ்ஷில் ஒரு கட்டண சேனல்கூட இல்லாமல் வெறும் இலவச சேனல்களை மட்டும் பார்த்தாலும் மாதாமாதம் பணம் கட்டியே ஆக வேண்டும். பழைய 130 ரூபாய்க் கணக்கிலேயே வருடத்துக்கு 1,840 ரூபாய். "இலவச சேனல் பேக் போடுங்கண்ணே" என்று கேட்டு, பிறகு பில்லைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. 'இலவச சேனல்' என்ற பெயர்தான் ஏமாற்றுகிறது.

இதன் மேல் கட்டண சேனல்கள். புதிய முறை வந்தபோது சன் டிவி 19 ரூபாய், கேடிவி 19, விஜய் டிவி 17 என்று விலை வைத்தார்கள். மூன்றும் சேர்ந்து 55. நெட்வொர்க் கட்டணம் 130-ஐயும் ஜிஎஸ்டியையும் கூட்டினால் 218 ரூபாய் 30 பைசா. இதைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் வீடுகளில் உண்மையில் பார்க்கிற சேனல்களின் விலை அந்த 55 ரூபாய்தான். மீதி எல்லாம் குழாய்க்கான வாடகை. அதற்கு மேல் 300, 340 என்று போவது நாம் பார்க்காத சேனல்களுக்கு.

அரசு கேபிள் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கழகம் 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். டிஜிட்டலுக்கு மாறி, செட் டாப் பாக்ஸ் வந்து, கட்டணம் ஏறி, 2019 ஆகஸ்டில் 130 ரூபாய் மற்றும் ஜிஎஸ்டி என்று குறைத்தார்கள். ஊருக்குள் இருக்கிற வீட்டுக்கு அது இன்றும் நல்ல வழிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஏகப்பட்ட வீடுகள் தோப்புக்குள் இருக்கின்றன. கடைசிக் கம்பத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, தென்னைக்கு நடுவில் ஒரு வீடு. அங்கே கேபிள் இழுக்க யாரும் வர மாட்டார்கள். கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடி பக்கம் வீட்டுக்கு வீடு டிஷ் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வானத்திலிருந்து சும்மா வருவது

மாதக் கட்டணமே இல்லாத ஒரே டிஷ் சேவை பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கியது. பாக்ஸ், டிஷ், வயர், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு தடவை சுமார் 2,000 ரூபாய் செலவு. அதற்குப் பிறகு ரீசார்ஜ் கிடையாது, போன் பண்ணி "மேடம், உங்களுக்காக ஒரு ஆஃபர்" என்று சொல்பவர்களும் கிடையாது. நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இது இருப்பதாகத் துறை அறிக்கைகள் சொல்கின்றன. அதே காலத்தில் தனியார் டிஷ் சந்தாதாரர்கள் 2021-இல் சுமார் 7 கோடியாக இருந்து, 2025-இல் 6 கோடிக்குக் கீழே போய்விட்டார்கள். போனவர்களில் கொஞ்சம் பேர் ஓடிடிக்கு, கொஞ்சம் பேர் இந்த ஃப்ரீ டிஷ்ஷுக்கு.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. அதிலிருந்து ஃப்ரீ டிஷ் சிக்னல் வருகிறது. புதுக்கோட்டையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு, கிட்டத்தட்ட மணமேல்குடி இருக்கிற திசை. ஆனால் உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய 69 டிகிரி, நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும். உங்கள் மாடியில் ஏற்கனவே ஒரு டிஷ் இருந்தால் அதையே திருப்பிப் பயன்படுத்தலாம். டாடா பிளே டிஷ் 83 டிகிரி கிழக்கைப் பார்க்கும், ஏர்டெல் 108-ஐ, டிஷ் டிவி 95-ஐ. சன் டைரக்ட் 91.5, 93.5 என்று பக்கத்திலேயே இருக்கிறது. 93.5-ஐப் பார்க்காத டிஷ்ஷைத் திருப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் தனியார் பாக்ஸை வைத்து ஃப்ரீ டிஷ் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்துக்கு ஒத்துவர வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது, நம் பீரோவுக்கு மேலே பழைய பாக்ஸ்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. டிவிக்குள்ளேயே சாட்டிலைட் டியூனர் வைப்பதற்கான தரநிலையை பிஐஎஸ் 2022-இல் வெளியிட்டது. புது டிவி வாங்குகிறவர்கள் கடையில் அது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

பாக்ஸ் வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய மலிவு பாக்ஸ்கள் எம்பெக்-2 சிக்னலை மட்டும் பிடிக்கும். எம்பெக்-4 பாக்ஸ் என்றால் இரண்டையும் பிடிக்கும், சேனல்கள் அதிகம். முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று எம்பெக்-2 பாக்ஸ் வாங்கினால் பிறகு வருத்தப்படுவீர்கள்.

மழை? பெய்தால் போகும். கேயு பேண்ட் சிக்னலுக்கு அது பொதுவான குணம், பணம் கட்டினாலும் போகும், கட்டாவிட்டாலும் போகும்.

அதெல்லாம் சரி, தமிழ் எங்கே?

இங்கேதான் விஷயம் இடிக்கிறது.

ஃப்ரீ டிஷ்ஷில் சேனல் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். பட்டியலைத் திறந்து பார்த்தால் அதில் பெரும்பகுதி கல்வி சேனல்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்லது, ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மா உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. அடுத்து தூர்தர்ஷன் குடும்பம்: டிடி நேஷனல், டிடி நியூஸ், டிடி ஸ்போர்ட்ஸ், டிடி கிசான், நம்முடைய டிடி தமிழ். பொதிகை என்று பழகிய அதே சேனல்தான். 2024 ஜனவரி 19-ஆம் தேதி சென்னையில் பெயரை மாற்றினார்கள். மீதி இருக்கிற தனியார் சேனல்களில் இந்திதான் ஆட்சி. சீரியல், சினிமா, பாட்டு, செய்தி எல்லாம் இந்தி. போஜ்புரிக்கு இருக்கிற இடம்கூடத் தமிழ் தனியார் சேனல்களுக்கு இல்லை.

ஏன்? சதி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் காரணம் ஏல முறையில் இருக்கிறது. தனியார் சேனல் ஃப்ரீ டிஷ்ஷில் வர வேண்டும் என்றால் பிரசார் பாரதி நடத்தும் இணையவழி ஏலத்தில் இடம் பிடிக்க வேண்டும். மொழி, வகை வாரியாகப் பிரிவுகள் இருக்கின்றன. இந்தி பொழுதுபோக்கு சேனல்களுக்கு ஆரம்ப விலையே அதிகம். அவர்கள் ஏன் அவ்வளவு கொடுக்கிறார்கள்? ஃப்ரீ டிஷ் வீடுகளில் பெரும்பாலானவை வட மாநிலங்களில் இருக்கின்றன, அங்கே விளம்பரத்தில் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே கேபிள் ஆரம்பத்திலிருந்தே மலிவு, ஊர் ஊராகப் போயிருந்தது. அதனால் ஃப்ரீ டிஷ் வாங்கியவர்கள் குறைவு. பார்ப்பவர்கள் குறைவு என்பதால் தமிழ் சேனல் ஏலத்துக்குப் போவதில்லை. தமிழ் சேனல் இல்லை என்பதால் ஆட்கள் பாக்ஸ் வாங்குவதில்லை. முட்டையா கோழியா என்கிற சங்கதி.

தந்தி, புதிய தலைமுறை மாதிரி ஏற்கனவே இலவசமாக இருக்கிற சேனல்களுக்காவது ஒரு நாள் இது சரிப்பட்டு வரலாம். சன், விஜய் போன்ற கட்டண சேனல்கள் வருமா என்றால் இப்போதைக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றே சொல்வேன். 2024 ஜூலைத் திருத்தத்தில் டிராய் இன்னொரு விதியையும் சேர்த்தது. ஒரு கட்டண சேனல் ஃப்ரீ டிஷ்ஷில் சும்மா கிடைத்தால், அது மற்ற டிஷ், கேபிள் எல்லாவற்றிலும் இலவச சேனலாகவே அறிவிக்கப்பட வேண்டும். நியாயமான விதிதான். ஒரே சேனலுக்கு ஒரு வீட்டில் 19 ரூபாய், பக்கத்து வீட்டில் சும்மா என்றால் எப்படி? ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஃப்ரீ டிஷ்ஷுக்குள் கால் வைக்கிற அன்றைக்கே அந்த சேனல் ஊர் முழுக்க வாங்குகிற சந்தாவை இழக்க வேண்டும். யார் வருவார்கள்? இந்தியிலேயே ஸ்டார், ஜீ, சோனி, கலர்ஸ் குழுமங்கள் தங்கள் பொழுதுபோக்கு சேனல்களை 2022 ஏப்ரலில் ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து எடுத்துவிட்டன. சும்மா கொடுத்தால் காசு கட்டுகிறவரும் அந்தப் பக்கம் போய்விடுகிறார் என்பதுதான் அவர்கள் பயம்.

இதில் பிரசார் பாரதி மீது எனக்கு வருத்தம் இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு பொதுச் சேவை வெறும் ஏலக் கணக்கில் மட்டும் ஓடக் கூடாது. ஒளிபரப்பு உள்கட்டமைப்புக்கு 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 2,539.61 கோடி ரூபாய்க்குத் திட்டம் ஒப்புதல் கொடுத்தது. எல்லைப்புற, பழங்குடி, தொலைதூரப் பகுதிகளுக்கு 8 லட்சம் ஃப்ரீ டிஷ் பாக்ஸ் இலவசமாகக் கொடுப்பதும் அதில் ஒரு பகுதி. பாக்ஸ் கொடுப்பது சரி, பாக்ஸுக்குள் அந்த வீட்டு மொழி இருக்க வேண்டாமா? ஒவ்வொரு பெரிய மொழிக்கும் ஒரு செய்தி சேனல், ஒரு பொழுதுபோக்கு சேனல் என்று குறைந்த கட்டணத்தில் நான்கைந்து இடங்களை ஒதுக்கி வைத்தால் தமிழுக்கு மட்டுமல்ல, மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் விடிவு கிடைக்கும். டிடி தமிழையும் பேரை மாற்றியதோடு விடாமல் நிகழ்ச்சிகளுக்குச் செலவு செய்தால் அம்மாக்களே தேடி வருவார்கள். ஒரு காலத்தில் வந்தார்கள்.

அப்பா சொன்ன பழைய கதை

இந்தக் கட்டுரைக்காகப் பேசும்போது அப்பா சிரித்தார். "நீ என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி சொல்ற. நாங்கல்லாம் ஓசி டிவியிலதானம்மா வளந்தோம்."

உண்மைதான். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கினாலும் தென் மாவட்டங்களுக்கு அது சாதாரணமாக வந்துசேர்ந்தது கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பிறகுதான். ஊராட்சி டிவி ரூமுக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு இடம் பிடிக்கத் துண்டு போட்ட காலம். கடற்கரைப் பக்கம் இன்னும் வசதி. 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி சிக்னல் கடலைத் தாண்டி வரும். மணமேல்குடி பக்கத்தில் இருந்த உறவுக்காரர் வீட்டு மாடியில் மூங்கில் கம்பு கட்டி, ஆண்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று மேலிருந்து கத்திக் கத்திக் கிரிக்கெட் பார்த்ததாக அப்பா சொல்வார். 

அந்தக் கம்பி ஆண்டெனாக்களின் கதை முடிந்துவிட்டது. தூர்தர்ஷனின் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பு நிலையங்களை ஏறக்குறைய எல்லா இடத்திலும் 2021, 2022 வாக்கில் மூடிவிட்டார்கள். அந்த அலைவரிசை இடம் 5ஜி போன்றவற்றுக்குத் தேவைப்படுகிறது என்பதும் ஒரு காரணம். ஆக, அரசாங்க டிவியைச் சும்மா பார்க்க வேண்டும் என்றால் இன்று நமக்கு இருக்கிற வழி அந்த ஃப்ரீ டிஷ் மட்டும்தான்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி

இது பலருக்குத் தெரியாது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட விளையாட்டுகளின் நேரலையைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 போட்டிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முன்பு தூர்தர்ஷன் அதைக் காட்டும்போது தனியார் கேபிளிலும் டிஷ்ஷிலும் தூர்தர்ஷன் சேனலைப் போட்டு எல்லோரும் பார்த்தார்கள். 2017 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம், அந்த நேரலை தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த டிஷ் சேவைக்கும் மட்டும்தான், தனியார் கேபிள், டிஷ் வழியாகப் போகக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது.

அதன் விளைவு வேடிக்கையானது. மாதம் 340 ரூபாய் கட்டுகிற வீட்டில் டிடி ஸ்போர்ட்ஸ் போட்டால் அந்த நேரத்தில் வேறு ஏதோ ஓடும். ஒரு பைசா கட்டாத ஃப்ரீ டிஷ் வீட்டில் அதே எண்ணத்தில் சேனலைத் திருப்பினால் இந்தியா மேட்ச் ஓடும். ஐபிஎல் இதில் சேராது, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

போன்ல பாத்துக்கலாமே?

நம் வயதுக்காரர்கள் உடனே சொல்கிற பதில் இது. பெரும்பாலான தமிழ் செய்தி சேனல்கள் யூடியூபில் நாள் முழுக்க நேரலையில் இருக்கின்றன, பிரசார் பாரதியும் 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்று சொந்த ஓடிடி தொடங்கியிருக்கிறது. வீட்டில் ஃபைபர் இணைப்பும் ஸ்மார்ட் டிவியும் இருந்தால் பேச்சே இல்லை, அதுதான் வழி. மொபைல் டேட்டாவை நம்பினால் கஷ்டம். தினம் ஒன்றரை ஜிபி என்பது சுமாரான 480 தரத்திலேயே இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஊரில் டிவி ஓடுவது காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை. அதுபோக, 2024 ஜூலையில் ரீசார்ஜ் கட்டணங்கள் ஏறிய பிறகு ஒரு மாதப் போன் பேக்கே டிஷ் பில்லைத் தொட்டுவிட்டது. ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கிப் பழகிய அப்பத்தாவிடம் ஆப்பைத் திறக்கச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் என்ன செய்தோம்?

போன மாதம் மூன்று நாள் லீவில் ஊருக்குப் போனேன். அறந்தாங்கி ரோட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஃப்ரீ டிஷ் பாக்ஸ் வாங்கினோம். கஜா புயலுக்கு முந்தின டிஷ் ஒன்று மாட்டுக் கொட்டகைப் பக்கம் கிடந்தது. 2018 நவம்பர் 16 விடியக்காலை அந்தப் புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளை எல்லாம் சாய்த்தபோது மாடியிலிருந்து பறந்து தோப்பில் விழுந்தது. வாரக்கணக்கில் கரண்டே இல்லை, டிவி பற்றி யார் யோசித்தது? கரண்ட் வந்த பிறகு கம்பெனிக்காரர்கள் புது டிஷ் மாட்டிவிட்டுப் போனார்கள். இது லேசாக நெளிந்து அங்கேயே கிடந்தது. டிஷ் மாட்டுகிற அண்ணன் அதை இரண்டு தட்டுத் தட்டி நிமிர்த்தி, எல்என்பியை மட்டும் மாற்றி, அரைமணி நேரத்தில் சிக்னல் பிடித்துவிட்டார்.

அப்பாவுக்குச் சந்தோஷம். டிடி தமிழ் செய்தி பார்த்தார், பழைய பாட்டு நிகழ்ச்சி பார்த்தார், "மேட்ச் அன்னைக்கு இதுலதான்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். ரிமோட்டைக் கையில் வாங்கி ஒவ்வொரு சேனலாகத் தள்ளினார். இந்தி, இந்தி, பாடம், இந்தி, பஜனை. திரும்ப முதலிலிருந்து ஒரு சுற்று. அப்புறம் ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பின்னாடியே போனேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ மிச்சம் புடிக்கிற, புடி."

"அம்மா, மாசம் 340 ரூபா. வருசத்துக்கு நாலாயிரம்."

"நான் எங்கடி போறேன்? சினிமாவுக்குப் போறேனா, ஓட்டலுக்குப் போறேனா? அந்த ரெண்டு மணி நேரம் எவளோ அழுகிறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி நாளைக்கு கதை பேசுவா, நான் என்ன பேச?"

இந்தக் கேள்விக்கு என் எக்ஸெல் ஷீட்டில் கட்டமே இல்லை. நான் கணக்குப் போட்டது சேனலுக்கு. பக்கத்து வீட்டுக்காரம்மாவோடு அடுத்த நாள் காலை கிணற்றடியில் பேசுகிற பேச்சு அந்த 19 ரூபாய்க்குள்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு "சீரியல் குப்பை" என்று சொல்வதும் சுலபம், ரீசார்ஜை நிறுத்துவதும் சுலபம். பார்ப்பவரைக் கேட்காமல் இரண்டையும் செய்வது அராஜகம் என்றே இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு ராத்திரியே ஒரு முடிவுக்கு வந்தோம்.

தனியார் டிஷ்ஷை எடுக்கவில்லை. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு அந்த 340 ரூபாய் பேக்கை மொத்தமாக எடுக்கச் சொன்னோம். அடிப்படை நெட்வொர்க் கட்டணம், அதில் வருகிற தமிழ் இலவச சேனல்கள், அவற்றின் மேல் அம்மா விரலை மடக்கிச் சொன்ன மூன்று கட்டண சேனல்கள் மட்டும், தனித்தனியாக. "மேடம், 40 ரூபாய் கூடப் போட்டால் 60 சேனல் வரும்" என்று அந்தப் பெண் மூன்று தடவை சொன்னார். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னோம். தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை, 2019 விதியின் உயிரே அதுதான். எச்டி வேண்டாம், சாதாரணமே போதும் என்றதும் இன்னும் கொஞ்சம் குறைந்தது. கடைசியில் மாதம் 225 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது.

ஃப்ரீ டிஷ் பாக்ஸ் திண்ணைப் பக்க ரூமுக்குப் போய்விட்டது. 2006-க்குப் பிறகு வந்த இலவசக் கலர் டிவி ஒன்று இன்னும் உயிரோடு அங்கே இருக்கிறது. அதில் மாட்டியாயிற்று. இரண்டாவது டிவிக்குத் தனியார் டிஷ்ஷில் தனிக் கட்டணம் கேட்பார்கள், அந்தச் செலவும் மிச்சம்.

உங்கள் வீட்டுக்கு எது சரிவரும் என்பது அங்கே யார், எத்தனை மணிக்கு, என்ன பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. செய்தியும் கிரிக்கெட்டும் மட்டும் போதும் என்றால், பிள்ளைகள் படிப்புக்குக் கல்வி சேனல் வேண்டும் என்றால், ஃப்ரீ டிஷ் தாராளமாகப் போதும். இந்தி தெரிந்த வீட்டுக்கு அது விருந்து. விராலிமலை, மாத்தூர் பக்கம் வட மாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிற அறைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. தமிழ் சீரியல் பார்க்கிற வீட்டுக்கு இன்றைய நிலையில் அது முழு மாற்று ஆகாது. ஊருக்குள் இருக்கிற வீடு என்றால் உள்ளூர் கேபிள்காரரிடம் ஒரு தடவை விலை கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் அது டிஷ்ஷைவிடக் குறைவாகவே வரும். பாக்ஸ் வாங்குவதற்கு முன்னால் அந்த வாரத்து ஃப்ரீ டிஷ் சேனல் பட்டியலைப் பிரசார் பாரதி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏலம் முடிந்ததும் சேனல்கள் வரும், போகும். போன வருடத்து யூடியூப் வீடியோவை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள்.

நேற்று அப்பா போன் பண்ணினார். ரீசார்ஜ் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது, அதனால் என்னவோ ஏதோ என்று எடுத்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. அப்பத்தா திண்ணை ரூம்ல இந்தி நாடகம் பாத்துக்கிட்டு இருக்கு. புரியுதான்னு கேட்டா, மாமியாக்காரி கெட்டவ, அது போதும்ங்குது."